பழைய பிக்கப்பின் மரத்தரை: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

என் மாமா பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு உப்புத்தோல் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய பிக்கப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரைப்பலகை மாற்றுவோம். ஒவ்வொரு முறையும் மரக்கடைக்காரரைத் திட்டுவார். மூன்றாவது தடவை, காட்பாடிப் பக்கத்து ஆசாரி ஒருவர் புதுப் பலகையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "மரத்த ஏன்பா திட்டற? மொதல்ல கீழ படுத்துப் பாரு" என்றார்.

படுத்துப் பார்த்தேன். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல்முகம் துருப்பிடித்து அப்பளம் போல உப்பியிருந்தது. அதற்கும் பலகைக்கும் நடுவே சேறு. வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, அந்தச் சேறு மட்டும் ஈரமாக இருந்தது. இரண்டு முறையும் அதே சேற்றின் மேல்தான் புதுப் பலகையை வைத்து முடுக்கியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வண்டி, நண்பர்கள் வண்டி என்று நிறையத் தரைகளைப் பிரித்துவிட்டேன். பலகை தானாகக் கெட்டது என்று சொல்லும்படி இருந்தவை இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் கீழேயிருந்து வந்த வினை. அதனால் மரக்கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். உங்கள் வண்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எதுவானாலும் முதல் கால் மணி நேரம்

லோடை இறக்கி, தரையைப் பெருக்கி, கழுவி, ஒரு நாள் வெயிலில் நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது நல்ல பலகையும் கெட்டது போலத் தோன்றும்.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. கையில் ஒரு டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், சாக்பீஸ் போதும்.

கீழிருந்து நான்கு இடங்களைக் குத்திப் பாருங்கள்: பலகையின் இரண்டு முனைகள், குறுக்குச் சட்டத்தின் மேல் பலகை உட்காரும் இடம், ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி, பின்கதவுக்குக் கீழே உள்ள கடைசி அரை அடி. ஸ்க்ரூடிரைவர் நூல் அளவு இறங்கினால் அது மேல்தோல் மட்டும், கவலையில்லை. அரை அங்குலம் இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டங்' என்று திரும்பப் பேசும். மக்கியது 'தப்' என்று வாங்கிக்கொள்ளும்.

கெட்ட பலகைக்குப் பெருக்கல் குறி, சந்தேகத்துக்கு வட்டம், துருப்பிடித்த சட்டத்துக்குக் கோடு. குறி போட்டு முடித்த பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குறிகள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் அடியில் ஒரே ஒரு சட்டம்தான் குற்றவாளி. அங்கங்கே சிதறியிருந்தால் மரம். பின்பக்கம் மட்டும் குவிந்திருந்தால் தண்ணீர்.

கால் வைத்தால் தரை அமுங்குகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அமுங்குவதில் மூன்று வகை உண்டு.

*அமுங்கி, 'டக்' என்று சத்தத்தோடு திரும்பி வருகிறது.* நட்டு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே ஒருவர் போல்ட்டின் தலையை அழுத்திப் பிடிக்க, கீழே ஒருவர் முடுக்கினால் வேலை முடிந்தது. முடுக்கியும் போல்ட் சேர்ந்தே சுற்றுகிறது என்றால் அடுத்த தலைப்பைப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல் இதோடு போன வண்டிகள் உண்டு. அதிலும் ஒருவர் மரத்துக்கு முன்பணமே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

*மெத்தென்று, சத்தமில்லாமல் இறங்குகிறது.* மரம் மக்கியிருக்கிறது. ஒன்றிரண்டு பலகைதான் என்றால் அதை மட்டும் மாற்றலாம், முழுத்தரையும் வேண்டியதில்லை. பலகையின் முனை மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டுப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒட்டு ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் விழுந்து, இரண்டு முனைக்கும் தனித்தனி போல்ட் கிடைக்கும் என்றால் போடலாம். இரண்டு சட்டத்துக்கு நடுவே அந்தரத்தில் ஒட்டு விழுந்தால் வேண்டாம். மூட்டை தூக்கி வருகிறவரின் கால் நேராக அங்கேதான் இறங்கும்.

*பலகை கெட்டியாக இருக்கிறது, ஆனால் நாலைந்து பலகை சேர்ந்து இறங்குகிறது.* கீழே குறுக்குச் சட்டம் வளைந்திருக்கிறது, அல்லது பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது. ஒரு நூல்கயிறை வண்டியின் அகலத்துக்கு இழுத்துப் பிடித்து, சட்டத்தின் அடிமுகம் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். ஜவ்வாது மலையிலிருந்து புளி இறக்கும் வண்டிகளில் கடைசி இரண்டு சட்டங்கள் இப்படித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். வழியில் வரும் ஏற்றங்களில் லோடு பின்னால் சரிந்து வந்து அங்கேதான் குந்துகிறது.

சட்டத்தின் மேல்முகத்தில் மட்டும் துரு என்றால், பலகையைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இரண்டு கோட்டு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்தால் போதும். சுத்தியலால் தட்டும்போது தகடு பொத்துக்கொண்டு போனாலோ வெல்டிங் விட்டிருந்தாலோ பாடி கட்டுகிற பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி கேபிள்களைக் கழற்றச் சொல்லுங்கள். டீசல் டாங்க் எந்தப் பக்கம் என்று நீங்களே காட்டிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். விரிசல் பாடியில் இல்லாமல், வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸிலேயே இருந்தால் அது ஆசாரி வேலையும் இல்லை, தெருமுனை வெல்டர் வேலையும் இல்லை. லோடு ஏற்றுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டு, சேஸிஸ் வேலை தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும்.

போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு, நட்டு நிற்பதில்லை

போல்ட்டைச் சுற்றி மை கொட்டியது போல ஒரு வட்டம் தெரியும். மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈர இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். கருவேலம் போன்ற துவர்ப்பு மரங்களில் அதிகம். கறுப்பு மட்டும் என்றால் பயமில்லை. கறுப்போடு மரம் நாராகப் பிரிந்து வந்தால், போல்ட்டைச் சுற்றி மரம் இற்றுப்போயிருக்கிறது.

முதலில் வாஷரைப் பாருங்கள். சின்ன வாஷர் மரத்துக்குள் புதைந்திருந்தால் பெரிய தட்டை வாஷரும், அதிர்வில் எளிதில் தளராத நைலாக் நட்டும் போட்டாலே பிடிக்கும். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் தலைக்கு அடியில் உள்ள சதுரக் கழுத்து மரத்தில் பிடிப்பை இழந்துவிட்டது. உருண்டைத் தலை, சதுரக் கழுத்து உள்ள இந்த போல்ட்டைக் கடையில் கேரியேஜ் போல்ட் என்று கேளுங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் ஒரு அளவு பெரிய போல்ட் போடலாம். இல்லையென்றால் நல்ல மரத்தில் முளை செதுக்கி, பசை தடவி அடைத்துவிட்டு, புதிதாகத் துளை போடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். பெரிய போல்ட் போட்டால் அடுத்த முறை இன்னும் பெரியது வேண்டும். கீழே சட்டத்தின் ஓட்டையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

துருவேறிய நட்டு வரவில்லையா? முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, கொஞ்சம் முடுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அப்போதும் வராவிட்டால் கிரைண்டரில் அறுத்துவிடலாம். ஆனால் எண்ணெய் ஊறிய பழைய மரத்தில் தீப்பொறி விழுந்து, ஒரு மணி நேரம் கழித்துப் புகைவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அறுத்த இடங்களில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

கழுவி எத்தனை நாளானாலும் தரை காய்வதில்லை

வேலூர் வெயிலில் ஒரு பலகை காயவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று காரணங்கள், செலவு வரிசையில்.

ஒன்று, பலகைகளுக்கு இடையே இடைவெளி இல்லை, அல்லது மண்ணும் வைக்கோலும் அடைத்திருக்கிறது. பழைய ரம்ப அலகு ஒன்றைச் சந்துக்குள் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். சட்டத்துக்கு மேலே வரும் இடத்தில் அதிகம் அடைத்திருக்கும். அங்கே பொறுமையாகச் சுரண்ட வேண்டும்.

இரண்டு, உப்பு. நம் பக்கத்துக்கே உரிய வியாதி இது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் போகிற வழியில் ஓடிய பழைய வண்டியை வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவார்கள். அதிலிருந்து வடியும் நீர் பலகைக்குள் ஊறுகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் மழையே வேண்டாம். இரவுப் பனியின் ஈரத்தை அந்த உப்பே இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு மரத்தை அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. இரும்பைத்தான் தின்கிறது. போல்ட் இளைத்துப் போகிறது, சட்டம் உப்புகிறது, உப்பிய துரு பலகையைக் கீழிருந்து நெம்புகிறது. மாமா வண்டியில் நடந்தது அத்தனையும் இதுதான். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கும் இதே கதைதான், வேகம் கொஞ்சம் குறைவு.

உப்பு இருக்கிறதா என்று அறிய, நன்றாகக் காய்ந்த மத்தியானத்தில் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். போல்ட் ஓரங்களிலும் முனைகளிலும் வெள்ளைப் பூப்பு தெரியும். இருந்தால், அழுத்தம் குறைந்த நல்ல தண்ணீரில் மேலும் கீழும் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவி, இப்படி மூன்று நான்கு நாள் செய்ய வேண்டும். ஒருமுறை அடித்து ஊற்றினால் உப்பு போகாது. போர் தண்ணீரே உப்பாக இருக்கிற இடங்களும் நம் பக்கத்தில் உண்டு, அதைக் கவனியுங்கள். தோல் லோடு தொடர்ந்து ஏற்றுகிறவர்கள் இறக்கிய அன்றைக்கே கழுவ வேண்டும். "நாளைக்குக் கழுவலாம்" என்பதில்தான் மாமாவின் தரைகள் போயின.

மூன்று, மேலே தகடு. மரம் கெட்டுவிட்டது என்றவுடன் அதன்மேல் இரும்புத் தகடு அடித்துவிடுவார்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், மூட்டையும் வழுக்கிக்கொண்டு போகும். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போன்ற வேலை அது. ஆணி ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. தகடு அடித்த தரையைத் தூக்கியபோது, அடியில் மரம் ஈரக் காப்பித்தூள் மாதிரி இருந்தது. விற்பனைக்கு வந்த வண்டியில் தரைமேல் புதுத்தகடு பளபளத்தால், கீழே படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பலகையின் ஓரம் தூக்குகிறது, அல்லது இடைவெளி விரிகிறது

புதிதாக மாற்றிய தரையில் முதல் கோடையிலேயே இது வரும். பச்சை மரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மரம் நீளத்தில் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். சித்திரை முடியும்போது சந்தில் விரல் நுழைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இடைவெளி மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் ஓரளவு திரும்பும். நெல்லோ மணலோ ஏற்றுகிறவர்கள் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். புட்டி, சிமெண்ட், எம்சீல் என்று எதையும் அடைக்காதீர்கள். மரம் ஊறி விரியும்போது அது பலகையின் விளிம்பை உடைத்துவிடும்.

ஓரம் தூக்கி, நடு குழிந்து, தட்டு மாதிரி நின்றால் பலகையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். பலகையின் முனையில் வளையக் கோடுகளைப் பாருங்கள். காயும்போது அந்த வளைவுகள் நேராக முயலும். மரப்பட்டை இருந்த பக்கம் குழியும். அதனால் வைரம், அதாவது மரத்தின் நடுப்பகுதி, இருந்த பக்கம் மேலே வர வேண்டும். அப்போது பலகை முதுகு தூக்கி நிற்கும், தண்ணீர் ஓரத்துக்கு வழியும். குழிவு கால் அங்குலத்துக்குள் என்றால் கழற்றித் திருப்பிப் போட்டாலே போதும். அதற்கு மேல் முறுக்கிக்கொண்ட பலகையை போல்ட் போட்டு இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் நடுவில் பிளக்கும்.

மாவு கொட்டுகிறது, மண் கோடு ஓடுகிறது

மாவு போல மரத்தூள், மேலே குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் என்றால் உளுப்பு. பலகையின் வெளிர்நிற ஓரப் பகுதியில்தான் முதலில் வரும். வைரம் பாய்ந்த பகுதியை அந்த வண்டு அவ்வளவாகத் தொடாது. ஓட்டைகள் ஓரத்தில் ஒரு கையகலத்துக்குள் நின்றால் மரப்பூச்சி மருந்தைத் தடவி, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவி, புதுத்தூள் கொட்டுகிறதா என்று கீழே ஒரு செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். கொட்டினால் பலகையைக் கழற்றிவிடுங்கள்.

மண் கோடு என்றால் கரையான். ஓடுகிற வண்டியில் கரையான் வராது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில்தான் டயர் வழியாக ஏறும். வண்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்துவதுதான் முதல் வைத்தியம். நின்ற இடத்தில் புற்று இருந்தால், வீட்டுக்கும் சேர்த்துக் கரையான் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

பலகை நடுவில் பிளந்துவிட்டது

நீளவாக்கில் முனையில் தொடங்கிய பிளவு என்றால் போல்ட் முனைக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது துளை போடாமல் ஆணி அடித்திருக்கிறார்கள். குறுக்கே முறிந்திருந்தால் பாரம். கிரானைட் பலகை, எஞ்சின், கிரைண்டர் கல் போன்றவை சின்னப் பரப்பில் முழு எடையையும் இறக்கும். அடியில் இரண்டு சட்டத்தையாவது தொடும்படி நீளக் கட்டை போட்டு, அதன்மேல் பாரத்தை வைக்க வேண்டும். இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் ஒரு அங்குலப் பலகை போதாது. ஒன்றேகால் அங்குலம் போட்டுப் பாருங்கள், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

ஓடும்போது தடதட சத்தம், பின்கதவு சேர மறுக்கிறது

கதவின் கீலையும் தாழ்ப்பாளையும் முதலில் பாருங்கள். கொக்கி வளைந்திருந்தால் சுத்தியல் போதும்.

அது சரியாக இருந்தால் பாடியை சேஸிஸோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளைப் பாருங்கள். நடுவே மரக்கட்டையோ ரப்பரோ பேக்கிங்காக இருக்கும். அது மக்கி விழுந்திருந்தால் இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்ளும், சத்தம் அதுதான். பேக்கிங் மாற்றி, எல்லா யூ போல்ட்டையும் சமமாக முடுக்குங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டேப்பை எடுத்துத் தரையின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் விடலாம். அதைத் தாண்டினால் பாடி கோணிவிட்டது. கோணிய பாடியில் எவ்வளவு நல்ல மரம் போட்டாலும் கதவு சேராது. இது பட்டறை வேலை. அங்கே யாராவது "சேஸிஸ்ல ஒரு ஓட்ட போட்டுக் கட்டிரலாம்ணா" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கருகல் வாசனை

சைலன்சரைத் தாங்கும் கிளாம்ப் அறுந்து, குழாய் பலகையைத் தொடுகிறது. வண்டியை உடனே நிறுத்துங்கள். குழாயைப் பலகையில் படாமல் கம்பியால் ஒதுக்கிக் கட்டிக்கொண்டு பட்டறை வரை ஓட்டலாம், வைக்கோல் லோடோடு ஓட்டக் கூடாது. கருகிய பலகையைச் சுரண்டி நல்ல மரம் தெரிந்தால் விட்டுவிடலாம். அந்த இடத்துக்கு மட்டும் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒரு தகடு மறைப்புக் கட்டுங்கள்.

முழுத்தரையும் மாற்றுவது என்று முடிவானால்

பாதிப் பலகைக்கு மேல் பெருக்கல் குறி விழுந்திருந்தால் இதுதான் வழி. எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுப் பரிசோதனைக்கு, முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள். பிரித்த பிறகு கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மரக்கணக்கு இப்படி: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 8 அடி நீளம், 6 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் என்றால் ஒரு பலகைக்கு 0.42 கன அடி வரும். ஐந்தரை அடி அகலத் தரைக்குப் பதினொரு பலகை, அதாவது நாலரை கன அடிக்குக் கொஞ்சம் மேல். சேதாரம் சேர்த்து ஐந்தேகால் வாங்குங்கள். இழைத்த பிறகு கனம் குறையும் என்பதையும் மரக்கடையிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்றேகால் என்று வாங்கி வீட்டுக்கு வரும்போது ஒன்றாக ஆனவர்கள் உண்டு.

எந்த மரம்? பணம் இருந்தால் வேங்கை. நடுத்தரத்துக்கு மரக்கடையில் கிடைக்கும் சால் நன்றாக உழைக்கிறது. வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. நேரான நீளப் பலகை கிடைப்பதுதான் கஷ்டம். கருவேலம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கே போன மரம், உழைப்பில் குறையில்லை, ஆனால் காயாமல் போட்டால் பிளந்து தீர்க்கும். மாமரமும் பெட்டி உடைத்த பைன் பலகையும் வேண்டாம். தைலமரம் முறுக்கும். எதுவானாலும் ஓரத்தில் வெளிர்நிறப் பகுதி அதிகம் உள்ளதைத் தள்ளிவிட்டு, பில்லோடு வாங்குங்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பில்லில்லாமல் கொண்டுவந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிளைவுட் போடலாமா என்றால், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளையை, 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வெட்டிய விளிம்பு அத்தனையும் பெயிண்டில் ஊற வைத்துப் போடலாம். காய்கறி, பால் கேன் ஏற்றுகிற வண்டிக்குச் சரி. கல் ஏற்றுகிற வண்டிக்கு வேண்டாம்.

பிரிக்கும்போது பழைய பலகைக்கெல்லாம் எண் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். புதுப் பலகைக்கு அதுதான் அளவு. பக்கவாட்டுப் பலகைகள் தரைமேல் நிற்கும் அமைப்பென்றால் அவற்றைக் கழற்றாமல் தரை வராது. எல்லாப் பலகையையும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள்; சில பாடிகளில் தரைதான் சட்டங்களைச் சதுரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கயிற்றை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிவிட்டு மீதியை எடுங்கள்.

சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகு, மேல்முகத்தில் பழைய டியூபை நாடாவாக வெட்டி ஒட்டுங்கள். மரமும் இரும்பும் நேராகத் தொடாது. மாமா வண்டியில் இதைச் செய்த பிறகு அதே தோல் லோடுக்கு அதே சால் மரம் எட்டு வருடம் நின்றது.

பலகைக்கு லின்சீட் ஆயில், நம் ஆளிவிதை எண்ணெய்தான். முதல் கோட்டில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, பிறகு தனி எண்ணெயாக இரண்டு கோட்டு. பலகையின் முனைகளுக்கும் போட்ட துளைகளுக்கும் உள்ளேயும் விட வேண்டும்; தண்ணீர் குடிக்கும் வாய் அவைதான். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கதையில்லை. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயும் மரத்துக்கு நல்லது, படகுக்குப் பூசுவதுதான். ஆனால் கையில் பட்டால் வெந்துவிடும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பழைய எஞ்சின் ஆயில் ஓசியில் கிடைக்கிறது என்று தடவுகிறவர்கள் நிறைய. தரை வழுக்கும், அரிசி மூட்டையில் நாற்றம் ஏறும், வெல்டிங் வைக்கிற அன்றைக்குப் புகையும்.

பூட்டும்போது பலகைக்குப் பலகை ஒரு பென்சில் நுழையாத, ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி போதும். பலகையின் துளை போல்ட்டை விட ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், மரம் அசைய இடம் வேண்டும். டிரில் மேலிருந்து இறங்கும்போது கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பின் பிரேக் குழாயும் விளக்கு வயரும் சட்டத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. பிரேக் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பழைய அமெரிக்க பிக்கப் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி. 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே போன்ற வண்டிகளில் பலகைகளுக்கு நடுவே நீள இரும்புப் பட்டைகள் ஓடும். போல்ட் அந்தப் பட்டை வழியாக இறங்கி, இரண்டு பக்கத்துப் பலகையையும் சேர்த்து அழுத்தும். பட்டை உட்காரப் பலகையின் விளிம்பில் படி செதுக்க வேண்டும். அதை ஆசாரியிடம் பழைய பலகையைக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் புரியாது. அந்தப் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இங்கே கிடைக்காது.

மாற்றி இரண்டு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். முதல் கோடை முடிந்ததும் இன்னொரு முறை. முடுக்கிய தேதியை சாக்பீஸில் இல்லாமல் பெயிண்டில், பலகையின் அடிப்பக்கத்தில், டாங்க் இருக்கிற பக்கமாக எழுதி வையுங்கள். அடுத்து படுத்துப் பார்க்கிறவர் கண்ணில் அது முதலில் படும்.